அவர்கள் அதைத் தாலாட்டு என்கிறார்கள்

1

இந்தக் கதை, நான் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதை எங்காவது ஒளித்துவைத்து, கடைசிப் பக்கத்தில் எடுத்து நீட்டி உங்களை அசத்தும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அந்த மாதிரிக் கதை எழுத இந்த வாரம் தெம்பும் இல்லை.

போன வருடம் என் அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு அங்கிருந்த சேர்ந்திசைக் குழுவிலும் இடம் பிடித்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். ஒருநாள் போனில், "இன்னைக்கு எனக்குத் தாலாட்டு பாடினாங்க சித்தி" என்றாள்.

"யாருடி?"

"சீனியர்ஸ் எல்லாரும்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டை விட்டு வந்த பிள்ளை ஏங்கிப்போகுமே என்று சுற்றி உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள், என்ன தங்கமான பிள்ளைகள்! அக்காவிடம் சொன்னேன். அக்கா தெருவுக்கே சொன்னாள்.

அதற்கப்புறம் வாயாடியின் பேச்சு குறைந்தது. குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்றாள். பாடுகிறவர்கள் அப்படிச் செய்வது உண்டுதான். விடுமுறைக்கு வந்தவள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று பூரித்தோம். (நான் கதை எழுதுகிறவள். மனிதர்களைக் கவனிப்பதுதான் என் வேலை என்று மேடைகளில் பேசிக்கொண்டு திரிகிறவள். நன்றாகக் கவனித்தேன் போங்கள்!)

இந்த ஞாயிற்றுக்கிழமை வாயாடி என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி இருக்க, சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். தாலாட்டு என்றால் என்னவென்று அப்போதுதான் சொன்னாள்.

ஆளைவிட உயரமாக, நின்றுகொண்டே வாசிக்கிற தந்தி வாத்தியம் ஒன்று உண்டு. அதை வைக்கும் பெட்டி, இசைக்கூடத்தில் மேடைக்கு அடியில் இருக்கும் அறையில் கிடக்கிறது. வாத்தியம் எப்போதோ உடைந்துவிட்டது. பெட்டிக்கு இப்போது தொட்டில் என்று பெயர். வருடா வருடம் புதிதாக வந்தவர்களில் ஒருத்தியை அதற்குள் படுக்கவைத்து, மூடி, கொக்கி போட்டு, சுற்றி நின்று ஒரு முழுப் பாட்டும் பாடுவார்கள். முடிந்ததும் திறப்பார்கள். அவ்வளவுதான் தாலாட்டு. போன வருடம் உள்ளே கிடந்தவள்தான் இந்த வருடம் கொக்கி போட வேண்டும் என்பது முறை.

"அப்ப நீ?"

"நான்தான் போடணும். வர்ற சனிக்கிழமை மத்தியானம்."

"உள்ள யாரு?"

"தும்மல்னு ஒரு பொண்ணு. முதல் நாள்லேர்ந்து தும்மிக்கிட்டே இருக்கா, அதனால அந்தப் பேரு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது சளி இல்ல சித்தி. அவளுக்கு வீசிங் இருக்கு. பையில இன்ஹேலர் பார்த்தேன். வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா பாட விடமாட்டாங்கன்னு மறைச்சு வச்சிருக்கா. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற தூசிக்கு எனக்கே மூச்சு..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

"நீங்க கதை எழுதறவங்கதானே?" என்றாள் கடைசியில். "இதைக் கதையா எழுதுங்க. அதுல நான் என்ன பண்றேன்னு எழுதுங்க. நான் அப்படியே பண்ணிடறேன். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா, இனிமே உங்ககிட்ட எதையுமே சொல்ல மாட்டேன்."

ஆக, இதை நீங்கள் பொழுதுபோக்காகப் படிக்கலாம். நான் அப்படி எழுதவில்லை. சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"மூடி விழுந்தது. கொக்கிகள் ஒவ்வொன்றாக"

வேண்டாம். பேய்க்கதை மாதிரி இருக்கிறது. எனக்குள் இருக்கிற பயம் வேறு மாதிரி. அது மட்டும் தாளில் இறங்க மாட்டேன் என்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

"மாணவர் அமைப்புகளில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும்போது நிகழும் துன்புறுத்தல்களைத் தடுப்பதில் நம் ஒவ்வொருவருக்கும் உள்ள"

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவதாக, 'ராகிங்'* என்ற சொல்லிலேயே தொடங்கலாமா என்று பார்த்தேன்.

[* அந்தச் சொல்லைப் பார்த்ததும் 'ஓ, அதுவா' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். தவிரவும், வாயாடி அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் சொன்னபோது பதறிப்போனாள். "சேச்சே, ராகிங்கெல்லாம் இல்ல சித்தி. எங்க குழுவுல ராகிங்கே கிடையாது. தாலாட்டு மட்டும்தான்."]

3

வெளியே நின்று எழுதுவதால்தான் வரவில்லை, உள்ளே இருந்து எழுதிப் பார்ப்போம் என்று திங்கட்கிழமை துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, உள்ளே முடங்கிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினேன். எழுதுகிறவர்கள் செய்யும் கோமாளித்தனங்களுக்குக் கணக்கே இல்லை, சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் அலமாரிக் கதவைச் சாத்தினால் தாழ் தானாக விழுந்துவிடும், வெளியே இருந்துதான் திறக்க முடியும். உள்ளே போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

கணவர் சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். மிக்ஸி நின்றது. அப்பாடா என்று மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடி ஓடியது. இருட்டு ஒன்றும் செய்யவில்லை. என் மூச்சே சூடாகத் திரும்பி என் முகத்தில் பட்டதுதான் தாங்க முடியவில்லை. கதவைத் தட்டினேன், காலால் உதைத்தேன். இத்தனைக்கும் வெளியே இருக்கிற ஆளுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். அதை நினைக்க நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

ஒருவழியாக வந்து திறந்தார்.

"அலமாரிக்குள்ள என்னம்மா பண்ற?"

"கதை எழுதறேன்."

"ஏன், வெளிய உட்கார்ந்தா வராதா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர, முட்டியைப் பிடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது ஒன்று ஞாபகம் வந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வாயாடி அந்தப் பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சுற்றி எல்லோரும் கை தட்டுகிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா அந்தப் படத்தைத்தான் காட்டுவாள்.

4

போன வருடம் நடந்ததை எழுத வேண்டிய இடம் இது. அழகாக எழுத மாட்டேன். அலமாரியில் மாட்டிக்கொண்ட அன்று மாலையே வாயாடிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"முதல்ல ஜாலியாத்தான் இருந்துச்சு சித்தி. நானேதான் ஏறிப் படுத்தேன். யாரும் தள்ளல. மூடினாங்க. பாட ஆரம்பிச்சாங்க. எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? நாலு பக்கமும் பாட்டு. அழுகை வந்துடுச்சு, அவ்ளோ நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"மூக்கு அடைச்சுக்கிச்சு. தூசி. எழுந்திருக்கலாம்னு பார்த்தா தலை இடிக்குது. 'திறங்க, போதும்'னு கத்தினேன். அத்தனை பேர் பாடறப்போ எங்க கேக்கும்? அதான் தட்டினேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சித்தி. 'ஏய், தாளம் போடறாடா!'ன்னு யாரோ கத்தினாங்க. எல்லாருக்கும் குஷி ஆயிடுச்சு. என் தட்டலுக்குச் சேர்த்துப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குப் பயத்துல வேகமா தட்ட வந்துச்சு. அவங்களும் வேகமா பாடினாங்க. நான் இன்னும் வேகமா... அவங்களும் இன்னும்..."

பாடகர்கள் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. மரவெட்டிகள் கூட்டமாக இருந்திருந்தால் மூடியைத் திறந்திருப்பார்கள். தட்டல் கேட்டால் அதைத் தாளமாக எடுத்துக்கொள்ளத்தான் இந்தப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறார்கள், ஒருவர் வேகம் கூட்டினால் மற்றவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் தினமும் பயிற்சி. அவர்கள் அன்று ரொம்ப நன்றாகப் பாடியிருக்கிறார்கள்.

"அப்புறம் நான் தட்டறத நிறுத்திட்டேன். அப்பத்தான் அவங்க மெதுவா பாடினாங்க. பாட்டு முடிஞ்சு திறந்தாங்க."

"ஏன் நிறுத்தின?"

"தெரியல சித்தி."

5

எனக்கு ஒரு கெட்டவள் தேவைப்பட்டாள். கதைக்கு அது வசதி. குழுவின் தலைவியை எடுத்துக்கொண்டேன். கடைசி வருட மாணவி. அவளுக்கு இடுங்கிய கண்களைக் கொடுத்தேன். உதட்டோரம் ஒரு ஏளனம் வைத்தேன். "புதியவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம்" என்று எழுதி முடித்த நேரம் வாயாடியின் குறுஞ்செய்தி வந்தது, கதை எப்படிப் போகிறது என்று. அவளைப் போனில் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்துலயே உட்கார்ந்து துணி நனைச்சுப் போட்டாங்க. பரீட்சைக்குப் பணம் கட்ட மறந்தப்ப அவங்கதான் அலைஞ்சாங்க. நல்லவங்க சித்தி. அவங்களையும் அந்தப் பெட்டியில போட்டிருக்காங்கல்ல, அவங்களுக்குத் தெரியாதா?"

[கெட்டவளைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இடுங்கிய கண்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஒரு கொடுமைக்காரி இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அவளை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.]

6

செவ்வாய்க்கிழமை, கதைக்குத் தகவல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, சேர்ந்திசைக் குழுவின் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் பியானோ, சுவரெல்லாம் பரிசுச் சான்றிதழ்கள், மேஜையில் ஆறிப்போன காபி. மனிதர் இசையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

"இதைக் கேளுங்கம்மா. போன வருஷம் பசங்க தாங்களா பயிற்சி பண்ணினப்ப பதிவு பண்ணினது. நான் ஊர்லயே இல்ல." கம்ப்யூட்டரைத் தட்டினார். பாட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு வேகம் ஏறியது.

"இங்க, இங்க! எப்படி ஏத்தறாங்க பாருங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. ஒரே மனசா ஏத்தறாங்க."

"அடியில ஏதோ தட்டற சத்தம் கேக்குதே சார்?"

"தாளம்மா. யாரோ மரத்துல தட்டறாங்க. அந்தத் தட்டல்லதான் உயிரே இருக்கு." கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "புதுசா சேர வர்றவங்க எல்லாருக்கும் முதல்ல இதைத்தான் போட்டுக் காட்டறேன்."

தட்டல் நிற்கும் இடம் வரை கேட்டேன். அந்த இடத்தில் அவர் "ஆஹா" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார். நான் பெயரைச் சொல்லாவிட்டாலும், குழுவில் எனக்குத் தெரிந்த ஒரே பிள்ளை யாரென்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மென்று முழுங்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, படியிறங்கி வந்தேன்.

7

புதன்கிழமை மாணவர் நலப் பிரிவு அலுவலரைப் பார்த்தேன். என்னைவிட இளையவர். மேஜையில் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. மணி மூன்றுக்கு மேல் ஆகியிருந்தது. "ஒரு கதை எழுதறேன். அதுல இப்படி ஒரு சம்பவம் வருது. உங்க மாதிரி ஒருத்தர்கிட்ட அதை வந்து சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று சுற்றி வளைத்தேன்.

பெட்டி, பாட்டு, கொக்கி, வீசிங் எல்லாம் சொன்னேன். 'இசை' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். பாட்டு என்பதை 'கோஷம்' என்று மாற்றினேன். பெட்டியைப் 'பீரோ' ஆக்கினேன். மாற்றி எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கதவை எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"இது எப்ப நடந்தது மேடம்?"

"இன்னும் நடக்கல."

"எந்த அமைப்பு?"

"கதைதானே... ஏதோ ஒரு அமைப்பு."

"பேர் எதுவும் வேண்டாம். யார் சொன்னாங்கன்னும் வேண்டாம். இடம் மட்டும் சொல்லுங்க. எந்தக் கட்டடம், எந்த அறை. அந்த நேரத்துக்கு நான் அந்தப் பக்கமா நடந்து போறேன். ஒரு கதவைத் தட்டி, 'என்னப்பா பண்றீங்க'ன்னு கேக்கறேன். பாதிக்குப் பாதி அதுலயே நின்னுடும். நான் பார்த்திருக்கேன்."

நான் அந்தச் சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடம் சொன்னா அது புகார் மேடம்," என்றார் தணிந்த குரலில். "இடம் சொல்லலைன்னா அது கதை. கதைக்கு நான் எங்கன்னு நடந்து போறது?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். விடுமுறை நாளிலும் எடுப்பேன் என்றார். "இப்போதைக்கு எல்லா அமைப்புகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பறேன். அதுக்கு மேல நீங்க சொன்னதை வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று மாலை கணவர் இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இது கதை மாதிரி இல்லையே, புகார் மாதிரி இருக்கே" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

8

சுற்றறிக்கை வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. வாயாடி பேருந்து நிறுத்தத்திலிருந்து போன் செய்தாள். பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி அடிக்குரலில் பேசினாள்.

"நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பேர் சொல்லல. இடம் சொல்லல. பொதுவாத்தான்..."

"சித்தி!"

அந்த ஒரு சொல்லை அவள் அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

தலைவி அன்று எல்லோர் முன்னாலும் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். நம்மைப் பற்றி இல்லை, நம்முடையது விருப்பப்பட்டுச் செய்வது, என்றிருக்கிறாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளை வரிசையாகப் பார்த்து, "நம்மள்ல யாராவது வெளிய ஏதாவது பேசினீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கலைந்து போகும்போது வாயாடியின் தோளில் கை போட்டு, அன்பாகவே சொல்லியிருக்கிறாள்: "நீ சனிக்கிழமை கொக்கி போட்டுட்டா யாரும் உன்னைச் சந்தேகப்பட மாட்டாங்க."

"எல்லாருமே என் ஃபிரெண்ட்ஸ் சித்தி. ரூம்ல, கேன்டீன்ல, கிளாஸ்ல, எங்க பார்த்தாலும் அவங்கதான். வேற யாரையும் எனக்கு அங்க தெரியாது. கதையை முடிச்சுட்டீங்களா?"

9

முடிவுகள்:

அ. சனிக்கிழமை. எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். வாயாடி கொக்கியில் கை வைத்தவள், கையை எடுத்துவிடுகிறாள். "மாட்டேன்" என்கிறாள். ஒருத்தி கை தட்டுகிறாள், பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லோரும்

இல்லை. யாரும் கை தட்ட மாட்டார்கள். அந்த அறையில் கை தட்டல் எப்போது வரும் என்று நமக்குத் தெரியும்.

ஆ. வாயாடி கொக்கி போடுகிறாள். பாட்டு முடிகிறது. தும்மல் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. படம் எடுக்கிறார்கள்.

நடக்க அதிகம் வாய்ப்புள்ள முடிவு இதுதான். இத்தனை வருடமும் இதுதான் நடந்திருக்கிறது. எழுதி முடித்துவிட்டு இதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் தும்மல் கொக்கி போடுவாள்.

இ. பாட்டு முடிகிறது. தலைவி குனிந்து மூடியைத் தூக்குகிறாள். உள்ளே தும்மல்

[மூன்று தடவை எழுதப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முடியவில்லை.]

10

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாயாடி நேரில் வந்துவிட்டாள். மேஜையில் கிடந்த தாள்களை எடுத்து நின்றுகொண்டே படித்தாள். 'இ' வந்ததும் அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"தும்மல்கிட்ட நேத்து சொன்னேன்," என்றாள்.

"என்னன்னு?"

"எல்லாத்தையும். உள்ள மூச்சு முட்டும், தட்டினா திறக்க மாட்டாங்க, உன் பையில இன்ஹேலர் பார்த்தேன், வராத, உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

வாயாடி சிரித்தாள். அந்தப் படத்தில் இருக்கிற அதே சிரிப்பு.

"'தெரியும்க்கா. நான் தாங்கிப்பேன்'னு சொல்றா. 'நீங்க உள்ள இருந்து தாளம் போட்டீங்களாமே, சார் எங்களுக்குப் போட்டுக் காட்டினாரு. அதைக் கேட்டுத்தான் நான் இந்தக் குழுவுலயே சேர்ந்தேன். நானும் உங்கள மாதிரி போடணும்க்கா'ன்னு சொல்றா."

நான் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் அழுதாள். சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். ஒரு வருடம் சேர்த்துவைத்த அழுகை. "அது தாளம் இல்லன்னு ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல சித்தி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவள் வேறு மாதிரி இருந்தாள். "நாளைக்கு நானே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும். அது தாளம் இல்ல, நான் செத்துப்போயிடுவேன்னு பயந்து தட்டினேன்னு."

"அதை எழுதிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" தாள்களைப் பிடுங்காத குறை. "எழுதாதீங்க சித்தி. எழுதிட்டீங்கன்னா நான் சொல்லி முடிச்ச மாதிரி ஆயிடும். படிச்சுப் பார்த்து எனக்கே நிம்மதி ஆயிடும். அப்புறம் நாளைக்கு எனக்கு வாய் வராது. முடிவு இல்லாம அப்படியே விட்டுடுங்க."

"நான் கூட வரேன்."

"நீங்க வந்தா சித்தியைக் கூட்டிட்டு வந்துட்டான்னு சொல்வாங்க. வேண்டாம்."

போனாள். வாசல்வரை போய்த் திரும்பி, "வாய் வரும்ல சித்தி?" என்று கேட்டாள்.

11

சனிக்கிழமை மத்தியானம். இப்போது.

அவள் சொன்னபடி முடிவை எழுதவில்லை. அதற்குப் பதிலாக, முடிவை எழுதாமல் இருப்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே உள்ள பத்து பகுதிகளையும் காலையிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பகுதியில் ஒரு சொல்லை மாற்றினேன். மறுபடி பழைய சொல்லையே போட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வாயாடியைக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறாள். தாலாட்டு அன்று உள்ளே போகும்போது, படம் எடுக்கத் தலைவியின் போனைத் தவிர, எல்லோருடைய போனையும் வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு வாய் வந்திருக்கலாம். வந்து, அவள் பேசப் பேச அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே யாரோ பாட்டைத் தொடங்கியிருக்கலாம். பத்தொன்பது வயசுப் பிள்ளை அவள். அவ்வளவு பேருக்கு நடுவில் ஒற்றை ஆளாக நின்று அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் தலையில் கட்டிவிட்டு, இங்கே உட்கார்ந்து நான் அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த ஊர் நியாயம் இது?

அலுவலரின் எண்ணைப் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது.

"சொல்லுங்க மேடம். ஆபீஸ்லதான் இருக்கேன்."

"கதை இல்ல," என்றேன். "அன்னைக்கு நான் சொன்னது கதை இல்ல. பீரோ இல்ல, வாத்தியப் பெட்டி. இசைக்கூடம். மேடைக்கு அடியில இருக்கிற அறை. இப்ப. இப்பவே. அந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டும்."

மறுமுனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "பாட்டுச் சத்தம் கேட்டா நின்னுடாதீங்க. நல்லா பாடுவாங்க, நின்னுடாதீங்க" என்று கத்தினேன். அதற்குள் அவர் ஓட ஆரம்பித்திருந்தார். போனில் அவர் மூச்சு கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது.

வாயாடி இனி என்னிடம் எதையும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் போகட்டும்.

அங்கே அவர் எதைப் பார்த்தாலும் அதை நான் எழுத மாட்டேன். தும்மல் பெட்டிக்கு வெளியே நின்றிருந்தாள் என்றால் நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு இதை மூடி வைப்பீர்கள். உள்ளே கிடந்தாள் என்றால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு மூடி வைப்பீர்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு குழுவில் இருக்கிறது. ஏதோ ஒன்றுக்கு அழகான பெயர் வைத்து, சிரித்துக்கொண்டே உங்களிடம் சொல்லியிருக்கிறது. படத்தில் சிரித்திருக்கிறது. கூடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். அது எந்தக் கட்டடம், எந்த அறை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இப்போதே போன் போட்டுக் கேளுங்கள். தெரியுமென்றால், யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். பேருந்து வர நேரமாகும், ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.